‘ரைவல்’ என்ற சொல்லுக்கு எடுத்துக்காட்டு

அகராதிக் கம்பெனியின் மாடியில், படி ஏறியதும் இடப்பக்கம் இருந்த சின்ன அறையின் கதவில் ‘சொல் மூலம்’ என்று ஒரு பலகை தொங்கியது. காலப்போக்கில் ‘சொல்’ அழிந்துபோய் ‘மூலம்’ மட்டும் மிஞ்சியது. ஒருநாள் காகிதக் கட்டு இறக்க வந்த ஆள் அந்தக் கதவை மெல்லத் திறந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நெளிந்தபடி, “டாக்டரம்மா இருக்காங்களா? ரெண்டு வாரமா ரத்தமாப் போகுது” என்றார். அன்று ஒட்டிய பெயர்தான். அச்சுக்கூடத்து ஆட்களிலிருந்து முதலாளி வரை எல்லோருக்கும் அவள் மூலத்தம்மா ஆகிப்போனாள்.

அவளுக்கு அது சிரிப்பாக இல்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கான இங்கிலீஷ்–தமிழ் அகராதி அது. பொருள் எழுத வேறு ஆட்கள் இருந்தார்கள். பொருளுக்குக் கீழே, எறும்பு ஊர்வது மாதிரிப் பொடி எழுத்தில், அந்தச் சொல் எங்கே பிறந்தது, யார் வீட்டில் வளர்ந்தது, எப்படி முகம் மாறி இங்கிலீஷுக்குள் வந்து சேர்ந்தது என்று மூன்று வரி எழுதுவது அவள் வேலை. இருபத்திரண்டு வருடமாக எழுதினாள். எடுத்துக்காட்டு வாக்கியம் எழுதிவந்தவர் வேலையை விட்டுப் போனபோது அதையும் முதலாளி அவள் தலையில் கட்டினார்.

அந்த மூன்று வரியை ஒருவரும் படிப்பதில்லை என்பது கம்பெனி முழுக்கத் தெரிந்த விஷயம். அவளுக்கும் தெரியும். அந்தக் கடுப்பிலேயே இன்னும் கறாராக எழுதினாள். யாராவது “சுமாரா இந்தக் காலத்துல வந்த சொல்லு” என்று சொல்லிவிட்டால் போதும், “சுமார்னா? எத்தன வருஷம் சுமார்?” என்று பாய்வாள். மூக்கு நுனியில் கோபம். ஆபீசில் அவளோடு சேர்ந்து டீ குடிக்க ஆள் கிடையாது. அவளும் யாரையும் கூப்பிட்டதில்லை.

ஆபீசில் காட்டிய கோபம் உண்மையில் கொசுறு. முழுச் சரக்கும் வீட்டில் இருந்தது.

மாமனார் கட்டிய இரண்டு தட்டு வீடு. மேலே மூத்த மகனும் மூலத்தம்மாவும். கீழே இளைய மகனும் அவன் மனைவியும். இளையவன் லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். ஆக, சண்டைக்கு நின்றவர்கள் இரண்டு ஓரகத்திகள்தான். கீழ்வீட்டு ஓரகத்தி முன்வாசலில் தகரக் கூரை போட்டு ‘வாட்டர் வாஷ்’ வைத்திருந்தாள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, கையில் துப்பாக்கி மாதிரி ஒரு குழாயைப் பிடித்து, காலையிலிருந்து சாயங்காலம் வரை ஸ்கூட்டர்களையும் வேன்களையும் பீய்ச்சிப் பீய்ச்சிக் கழுவுவாள். ஒல்லி உடம்பு. தொண்டை மட்டும் நாலு பேருக்குச் சமம். மூலத்தம்மா மனசுக்குள் அவளுக்கு வைத்திருந்த பெயர் பீரங்கி.

வீட்டுக்கு நகரக் குழாய் ஒன்றுதான். காலை ஐந்தரைக்கு வந்து ஏழு மணிக்கு நின்றுவிடும். வருகிற தண்ணீர் முதலில் கீழ்வாசல் தொட்டியில் விழும். அங்கிருந்து மோட்டார் போட்டு மேல் டாங்கிக்கு ஏற்ற வேண்டும். மோட்டார் சுவிட்ச் கீழ்வீட்டுக்குள். வாட்டர் வாஷ் வந்த நாளிலிருந்து மூலத்தம்மா பாதிக் குளியலில் சோப்பும் கண்ணுமாக நின்ற நாட்களுக்குக் கணக்கில்லை. நேரில் பேசினால் அடிதடி ஆகிவிடும் என்று மோட்டார் பெட்டியில் சீட்டு ஒட்டத் தொடங்கினாள்.

‘மோட்டாரை ஆறேகாலுக்கு அணைத்தது யார்? இது மனிதர் செய்யும் செயலா?’

மறுநாள் அதே சீட்டின் பின்பக்கம் பதில் இருந்தது: ‘கரண்ட் எங்க மீட்டர்ல ஓடுது அக்கா. மனுசங்கதான் அணைச்சோம்.’

மூலத்தம்மாவின் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். ஊரில் பாதிப் பேருக்குப் பார்வையைச் சரிசெய்த அந்த மனிதருக்குத் தன் வீட்டு வாசலில் நடப்பது மட்டும் கண்ணில் படாது. “ஏங்க, நீங்க உங்க தம்பிகிட்டப் பேசுங்க” என்றால், “அவன் ரோட்டுல வண்டி ஓட்டிட்டிருப்பான், இப்பப் போன் பண்ணா ஆபத்து” என்பார். எப்போது சொன்னாலும் தம்பி ரோட்டில்தான் இருப்பான்.

ஒருநாள் காலை மேல் டாங்கியில் அரை அடித் தண்ணீர்தான் ஏறியிருந்தது. குழாயில் வரத்து நன்றாக இருந்தது அவளுக்குத் தெரியும். ஆபீசுக்கு உடுத்திய உடுப்போடு கீழே இறங்கி வந்தாள். தொட்டியும் முக்கால் காலி. வாசல் ஓரமாக மண் ஈரமாக இருந்தது. பூந்தொட்டிகளை ஒவ்வொன்றாக நகர்த்தினாள். மூன்றாவது தொட்டிக்குப் பின்னால், தண்ணீர் தொட்டிக்குள் விழுவதற்கு முன்னாலேயே நகரக் குழாயில் ஒரு கிளை பிரிந்து, மண்ணுக்குள் புகுந்து நேராகத் தகரக் கூரைக்குப் போயிருந்தது. ஓரகத்தி கையும் களவுமாக மாட்டிக்கொண்டாள்.

“இது என்னது?”

ஓரகத்தி ஒரு வேனின் சக்கரத்தைக் கழுவிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். “பைப்பு.”

“பைப்புன்னு எனக்கும் தெரியும். எங்க போகுது?”

“போற எடத்துக்குப் போகுது. நகருங்கக்கா, ஷாம்பு வழுக்கும்.”

“திருட்டுப் பைப்பு போட்டிருக்கியா நீ?”

“திருட்டா? மாமனார் வீட்டுத் தண்ணிய மாமனார் வீட்டு வாசல்ல விடறது திருட்டா? நீங்க மேல ஊத்துனா குளியல், நான் கீழ ஊத்துனா களவா?”

“அதுக்குப் பேரு களவுதான். வேற பேரு கெடையாது.”

“பேரு வைக்கறதுதான உங்க பொழப்பு, வைங்க” என்று ஓரகத்தி குழாயைத் திருப்பினாள். தண்ணீர் மூலத்தம்மாவின் இடுப்புக்குக் கீழே அடித்து, உடுப்பு உடம்போடு ஒட்டிக்கொண்டது. “அடடா, கை தவறிடுச்சுக்கா.”

வேன்காரர் வேறு பக்கம் பார்த்தார். மூலத்தம்மா பஸ்ஸுக்கு மணி பார்த்தாள். மேலே போய் உடுப்பு மாற்றவும் நேரம் இல்லை. சொட்டச் சொட்ட பஸ் ஏறினாள்.

அன்று அவள் மேசையில் இருந்தது ஆர் எழுத்துப் பக்கங்கள். அச்சுக்குப் போக இரண்டு நாள்தான் இருந்தது. ஈரம் காயக் காய உடம்பு அரித்தது. வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவள் ‘ரைவல்’ என்ற சொல்லில் வந்து நின்றாள்.

அதன் கதை அவளுக்கு அத்துப்படி. பழைய பதிப்பில் அவளுக்கு முன்னால் இருந்தவர், நதியைக் குறிக்கும் ‘ரிவர்’ என்ற சொல்லும் இதுவும் ஒரே வயிற்றில் பிறந்தவை என்று எழுதிவைத்திருந்தார். காதுக்கு அப்படித்தான் கேட்கும். ஆனால் ரிவர் வேறு குடும்பம். லத்தீனில் கரையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது அது. ரைவலின் மூதாதை ‘ரீவுஸ்’. லத்தீனில் ஓடை, வாய்க்கால். ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கிற பக்கத்துப் பக்கத்து நிலத்துக்காரர்களை ‘ரிவாலிஸ்’ என்றார்கள். அவர்களுக்குள் தண்ணீர்த் தகராறு வந்தால் என்ன செய்வது என்று ரோமாபுரிச் சட்டத்தில் தனியாகவே எழுதிவைத்திருந்தார்கள் என்றால், வராத நாள் இருந்திருக்காது. பிறகு ஒரே பெண்ணுக்குப் பின்னால் அலைகிற இருவரையும் அதே சொல்லால் குறித்தார்கள். இங்கிலீஷுக்கு வந்து சேர்ந்தபோது சொல்லில் தண்ணீர் வற்றிப்போய்ச் சண்டை மட்டும் மிஞ்சியிருந்தது. டி எழுத்தில் வரும் ‘டெரைவ்’ என்ற சொல்லும் (வண்டி ஓட்டுகிற டிரைவ் அல்ல) அதே ஓடையின் பிள்ளைதான். ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பெறுவது என்று இன்று பொருள். ஆதியில் வாய்க்காலிலிருந்து தண்ணீரைப் பிரித்து வேறு பக்கம் திருப்புவது. சொல் எதிலிருந்து வந்தது என்று சொல்ல அவள் தினமும் எழுதுகிற சொல் அது. அன்று அதை நினைத்ததும் பூந்தொட்டிக்குப் பின்னால் பார்த்த கிளைக் குழாய்தான் கண்முன் வந்தது.

பொருள் எழுதுகிறவர் ரைவலுக்குத் தமிழில் ‘எதிரி’ என்று எழுதியிருந்தார். தன் வேலை இல்லை என்றாலும் அடித்தாள். எதிரி எங்கிருந்தும் வரலாம். ‘போட்டியாளர்’ என்று எழுதிப் பார்த்தாள். ஓட்டப் பந்தயம் மாதிரி இருந்தது. கடைசியில் ‘பங்காளி’ என்று எழுதினாள். பங்கு இருக்கிறவன். பங்கு இருப்பதாலேயே கழுத்தை நெரிக்கிறவன். அதைவிடப் பொருந்துகிற சொல் உலகத்தில் எந்தப் பாஷையிலும் இல்லை என்று தோன்றியது. கீழே பொடி எழுத்தில் மூலத்தையும் எழுதி முடித்தாள்.

எடுத்துக்காட்டு வாக்கியத்துக்கான இடம் காலியாக இருந்தது. பேனாவை வைத்துவிட்டு ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு எழுதினாள்: ‘எங்கள் கீழ்வீட்டில் வண்டி கழுவுகிற பெண் என் ரைவல்; அவள் தண்ணீர் திருடுகிறாள்.’

அச்சுக்குப் போகுமுன் முதலாளி எழுத்துப்பிழை மட்டும்தான் பார்ப்பார். அந்த வாக்கியத்தில் பிழை எதுவும் இல்லை.

புத்தகம் பள்ளிக்கூடங்களுக்குப் போய் இரண்டு மாதம் கழித்து, இங்கிலீஷ் வாத்தியார் ஒருவர் கழுவக் கொடுத்த ஸ்கூட்டரை எடுக்க வந்தார். அகராதி எழுதுகிறவள் மேல்வீட்டில் இருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியும். “ஏம்மா, உன்னைப் புத்தகத்துலயே போட்டுட்டாங்களே, பெரிய ஆளாயிட்ட போ” என்று பையிலிருந்து அகராதியை எடுத்துக் காட்டினார். ஓரகத்தி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தாள். அந்த வாரத்துக்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது. பள்ளிக்கூடம் விட்டுப் போகிற பிள்ளைகள் வாசலில் நின்று “ரைவல்! ரைவல்!” என்று கத்திவிட்டு ஓடின. வழக்கமாக வருகிற வேன்காரரே, “ரைவல் வாட்டர் வாஷ்ல கழுவக் குடுத்திருக்கேன்” என்று போனில் யாரிடமோ சொல்லிச் சிரித்தார்.

மேலே ஜன்னலில் நின்று மூலத்தம்மா இதையெல்லாம் கேட்டாள். அவள் வாழ்க்கையில் எழுதிய எதுவும் இவ்வளவு வேலை செய்ததில்லை. அன்று இரண்டு கரண்டி கூடுதலாகச் சாப்பிட்டாள்.

நாலாம் நாள் காலை, அகராதிக் கம்பெனியின் படிகளில் ரப்பர் பூட்ஸ் சத்தம் கேட்டது. முதலாளியின் ஆள் வந்து கூப்பிட்டபோது மூலத்தம்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. முதலாளி அறையில் ஓரகத்தி அகராதியோடு நின்றிருந்தாள். தரையில் ஈரத் தடம்.

“உக்காருங்கம்மா” என்றார் முதலாளி.

“உக்கார வரல சார். இதுல என்னைத் திருடின்னு போட்டிருக்கு.”

“பேரு எங்கயும் போடலையே” என்றாள் மூலத்தம்மா.

“உங்களுக்குக் கீழ எத்தன வீடுக்கா இருக்கு? அதுல வண்டி கழுவறவ எத்தன பேரு?”

முதலாளி அப்போதுதான் அந்தப் பக்கத்தைப் படித்தார். முகத்தில் ஈயாடவில்லை. “நீங்களா எழுதுனீங்க?” என்று மூலத்தம்மாவைக் கேட்டார். அவள் தலையாட்டினாள்.

“திருடின்னு சொன்னதுக்குப் பின்னால வரேன்” என்றாள் ஓரகத்தி. “கீழ பொடி எழுத்துல ஒண்ணு இருக்கே, அத யாரு எழுதுனது?”

“அதுவும் நான்தான்.”

“படிங்க. சார் கேக்கட்டும்.”

“எதுக்கு?”

“படிங்கக்கா.”

மூலத்தம்மா படித்தாள். “லத்தீனில் ரீவுஸ் என்றால் ஓடை. ஒரே ஓடையில் நீர் எடுப்பவர்கள் ஒருவருக்கொருவர் ரிவாலிஸ் எனப்பட்டனர்.”

“ஒருவருக்கொருவர்னு போட்டிருக்கா?”

“போட்டிருக்கு.”

“அப்ப நான் ஒருத்தி மட்டும் எப்படி ரைவல் ஆவேன்? நீங்க எந்தத் தண்ணியில குளிக்கறீங்க? ஆகாசத் தண்ணியா? ஒரே குழாய்ல நிக்கறவங்க ரெண்டு பேரும்தான ரைவலு? இத நாலு தடவ படிச்சேன் சார். படிச்ச பிறகுதான் பூட்ஸ மாட்டிக்கிட்டுக் கெளம்புனேன். மேல எழுதுன வாக்கியத்த கீழ எழுதுன மூணு வரியே பொய்னு சொல்லுது. ரெண்டையும் எழுதுன கை ஒண்ணுதான்.”

முதலாளி மூலத்தம்மாவைப் பார்த்தார். “அந்தம்மா சொல்றது சரியா?”

எள்ளும் கொள்ளும் வெடிக்கிற முகத்தோடு அவள் நின்றாள். வேறு எதைப் பற்றியாவது கேட்டிருந்தால் சாதித்திருப்பாள். சொல்லின் மூலத்தில் மட்டும் அவளால் பொய் சொல்ல முடியாது. “சரிதான்” என்றாள். 

கிடங்கில் இன்னும் மூவாயிரத்து அறுநூறு புத்தகம் இருந்தது. அத்தனையிலும் அந்த வாக்கியத்தின் மேல் திருத்தச் சீட்டு ஒட்டுவது என்று முடிவாயிற்று. சீட்டில் என்ன போடுவது என்பதை ஓரகத்தியே சொன்னாள்: ‘மேல்வீட்டுக்காரியும் கீழ்வீட்டுக்காரியும் ஒரே குழாய்த் தண்ணீருக்குச் சண்டை போடும் ரைவல்கள்.’

“ரெண்டு காரி வருது. படிக்க நல்லால்ல” என்றாள் மூலத்தம்மா, பழக்க தோஷத்தில்.

“வரட்டும். ரெண்டு பேரும்தான காரி.”

நல்ல வாக்கியம் அது. சொல்லின் இன்றைய பொருளும் இருந்தது, ஆதிப் பொருளும் இருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் தான் எழுதிய எந்த எடுத்துக்காட்டையும்விட நன்றாக இருந்தது. அதுதான் மூலத்தம்மாவைக் கொன்றது. சீட்டு ஒட்டுகிற வேலையை முதலாளி வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. ஜன்னல் இல்லாத கிடங்கில், பசை டப்பாவும் அளவுகோலுமாக உட்கார்ந்து, மூவாயிரத்து அறுநூறு தடவை அந்த வாக்கியத்தைப் படித்தாள். இரண்டாவது வாரத்தில் விரல் நுனித் தோல் உரிந்துவிட்டது. எடுத்துக்காட்டு எழுதும் வேலையும் கையை விட்டுப் போனது.

விட்டேனா பார் என்று அவள் அடுத்துச் செய்ததைக் கேட்டால், கணவர் ஏன் தலையில் அடித்துக்கொண்டார் என்பது புரியும். மிஞ்சிய திருத்தச் சீட்டு ஒன்றைக் கொண்டுபோய், குடிநீர் ஆபீசுக்கு எழுதிய புகாரோடு சேர்த்துத் தைத்தாள். ‘வீட்டுக் குழாயிலேயே கடையும் நடக்கிறது என்பதற்கு மேற்படி நபர் தானே சொல்லி அச்சான வாக்கியம் இதோ’ என்று கீழே கோடு போட்டாள்.

அதிகாரி ஒருவர் ஸ்பானரும் சாக்குப்பையுமாக வந்தார். பூந்தொட்டிகளை நகர்த்தினார். கிளைக் குழாயை அறுத்து எடுத்தார். மூலத்தம்மா படியில் நின்று வேடிக்கை பார்த்தாள். அதோடு போய்விடுவார் என்று நினைத்தால், அவர் முதன்மைக் குழாயையும் மூடிச் சீல் வைத்தார்.

“எங்களுக்கு எதுக்கு மூடறீங்க? புகார் குடுத்ததே நான்தான்.”

“மேல் வீட்டுக்குத் தனி கனெக்ஷன் இருக்காம்மா?”

“இல்ல.”

“அப்ப இதுதான உங்களுதும். நீங்கதான எழுதியிருக்கீங்க, ஒரே குழாய்னு.”

“அத எழுதுனது நான் இல்ல!” என்று மூலத்தம்மா கத்தினாள். தகரக் கூரைக்குள்ளிருந்து ஓரகத்தியின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவள் பிழைப்பும் அன்றோடு நின்றிருந்தது. இருந்தும் சிரித்தாள்.

பதினாறு நாள் வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. தெருமுனைக்கு வரும் தண்ணி லாரி வரிசையில் இரண்டு பேரும் குடத்தோடு நின்றார்கள். ஒருநாள் யார் குடம் முன்னால் என்பதில் இரண்டு குடமும் நசுங்கின. வரிசையில் இருந்தவர்கள் விலக்கிவிடவில்லை. வழிவிட்டு வட்டமாக நின்று பார்த்தார்கள். கடைசியில் அண்ணனும் தம்பியும் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விண்ணப்பம் போட்டு, மேலுக்கு ஒன்று, கீழுக்கு ஒன்று, கடைக்கு ஒன்று என்று தனித்தனிக் குழாய் வாங்கினார்கள். தண்ணீர் தாராளமாக வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை.

அடுத்த பதிப்புக்கு வேலை தொடங்கியபோது முதலாளி மூலத்தம்மாவைக் கூப்பிட்டார். காகித விலை ஏறிவிட்டது, புத்தகத்தை ஒல்லியாக்க வேண்டும் என்று சுற்றி வளைத்துப் பேசினார். “அந்தப் பொடி எழுத்த எடுத்துடலாம்னு இருக்கேன்மா. தப்பா எடுத்துக்காதீங்க. அத யாரு படிக்கறா?”

“ஒருத்தி படிச்சா” என்றாள் மூலத்தம்மா.

முதலாளிக்குப் புரியவில்லை.

“நாலு தடவ படிச்சா. எனக்கு எதிராவே எடுத்து நீட்டற அளவுக்குப் படிச்சா. இந்தக் கட்டடத்துல உள்ளவங்க யாரும் ஒரு தடவகூடப் படிச்சதில்ல.”

“ஒருத்திக்காக அச்சடிக்க முடியுமா?” என்றார் அவர்.

தன் மூன்று வரிகளைத் தானே அடித்துத் தரும் வேலையை அவள் செய்ய மறுத்தாள். அந்த மாதத்தோடு வேலையை விட்டாள். இழுப்பறைகளில் இருந்த, சொல்லுக்கு ஒன்றாக மூலம் குறித்துவைத்த கார்டுகளை நாலு சாக்கில் கட்டி, வண்டி பிடித்து, கீழ்வீட்டு வாசலைத் தாண்டி மேலே ஏற்றினாள். ஓரகத்தி ஒரு ஸ்கூட்டரை நட்டநடு வழியில் நிறுத்திக் கழுவிக்கொண்டிருந்தாள். நகர்த்தவில்லை. இவளும் கேட்கவில்லை. சுவரோடு உரசிக்கொண்டு நாலு நடை நடந்தாள்.

கணவர் சாக்குகளைப் பார்த்தார். நடந்ததைக் கேட்டார். முதலாளியிடம் அவள் சொன்ன பதிலையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “அத அவகிட்ட ஒரு வார்த்த சொல்லலாமே” என்றார்.

“எத?”

“அவ ஒருத்திதான் படிச்சான்னு.”

“சொன்னா தலை மேல ஏறி உக்காந்துக்குவா” என்றாள் மூலத்தம்மா. கீழே பீய்ச்சுகிற சத்தம் பெரிதாகக் கேட்டது. ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து, முதல் சாக்கின் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள்.